தேன்மரம் ஒன்று, கூடு இல்லை

தெலுக் கெருயிங் கிராமத்தைப் பற்றி அரசாங்கத் தாளில் பதினோரு பக்கம் இருக்கிறது. குடும்பங்கள் நூற்று நாற்பத்து மூன்று. பள்ளிவாசல் ஒன்று. ஆற்றுத்துறை இரண்டு, அதில் ஒன்று இடிந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள் இருநூற்றுச் சொச்சம். ஆடு, கோழி, கழிப்பறை எல்லாவற்றுக்கும் எண் உண்டு. எட்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: தேன்மரம் ஒன்று, கூடு இல்லை.

அந்த வரியை ஜுரைடா தன் வாயால்தான் சொன்னாள். யாரும் கழுத்தைப் பிடித்துச் சொல்லவைக்கவில்லை. அவள் சொன்ன நேரத்தில் மரத்தில் ஐம்பத்திரண்டு கூடுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

ஜுரைடாவுக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் செத்து ஆறு வருஷம். கம்பெனித் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குவது வேலை. ஆண்கள் நீளக் கழியில் கட்டிய அரிவாளால் குலையை வெட்டித் தள்ளுவார்கள். விழுந்த வேகத்தில் சிதறுகிற பழங்களை, முள்ளும் கருக்குமாகக் கிடக்கும் மட்டைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து கோணிப்பையில் சேர்க்க வேண்டும். பையை முதுகில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இருபது வருஷமாக அதைச் செய்கிறவளுக்கு நிமிர்ந்து நடப்பது மறந்துவிட்டது. மரத்தை அண்ணாந்து பார்ப்பதென்றால் இடுப்பில் கை கொடுத்துத்தான் பார்ப்பாள்.

அந்தத் தேன்மரம் அவளுடையது. அம்மாவுக்கு அம்மா வழியாக வந்தது. அவர்கள் சனத்தில் நிலம் பெண்வழியில்தான் இறங்கும். ஆண்பிள்ளைக்குப் பங்கு கிடையாது, காவல் உண்டு. வெளியாள் வந்தால் பேசுவதும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதும் தாய்மாமன் வேலை. ஜுரைடாவுக்குப் பின் மரம் அவள் மகள் எல்விதாவுக்கு. எல்விதாவுக்குத் தாய்மாமன், ஜுரைடாவின் அண்ணன் தார்விஸ். குலத்துக்கே தலைவன் அவன்தான்.

ஒரு காலத்தில் அவர்கள் குலத்துக்கு ஐந்து தேன்மரங்கள் இருந்தன. நான்கு மரங்களின் காடு செம்பனையாகிவிட்டது. மிச்சம் இந்த ஒன்று. மூன்று பக்கமும் கம்பெனிப் பனை, ஒரு பக்கம் ஆறு, நடுவே நாலு பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு ஒரு காட்டுத் துண்டு. முள்தோல் பழம் காய்க்கும் டுரியான், பிரம்பு, கிழட்டு ரப்பர். எல்லாவற்றுக்கும் மேலே தலை நீட்டிக்கொண்டு அந்த மரம். கம்பெனிக்காரனுக்கு அது செருப்புக்குள் கல். ஆனால் கூடு கட்டிய தேன்மரத்தின் காட்டைத் தொடக்கூடாது என்று வட்டாரத்தில் எழுதப்பட்ட விதியே இருந்தது. கூடு இல்லாத மரம் என்றால் அது வெறும் மரம். காடும் வெறும் காடு, கம்பெனி எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கெடுக்க வந்த பெண்ணின் பெயர் ரெஸ்தி. மாவட்ட நகரத்துக்காரி. மோட்டார் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து தார்விஸ்தான் கூட்டிவந்தான். ஜுரைடா அப்போதுதான் வேலை விட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். சைக்கிள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மிஸ்னாவும் வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எந்த வீட்டில் யார் வந்தாலும் மிஸ்னா வருவாள்.

"ஜுரை, கிராமத்து விவரம் எழுத வந்திருக்கு இந்தப் பொண்ணு. கேக்கறதுக்குப் பதில் சொல்லு," என்றான் தார்விஸ். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காப்பிக் கோப்பையை வாங்கிக்கொண்டான்.

"கழிப்பறை இருக்காக்கா?" என்று ரெஸ்தி மடியில் வைத்த பலகைக் கணினியைத் தட்டினாள்.

"ஆறு இருக்கே, எவ்வளவு பெருசு," என்றாள் மிஸ்னா.

"அவ சொல்றத எழுதாதம்மா. பின்னாடி இருக்கு. கதவுதான் இல்ல."

"கோழி எத்தனை?"

"ஆறு."

"ஆறாம்! முத்தம் முழுக்கக் கொத்திக்கிட்டுத் திரியுது, ஆறாம்!"

"மிச்சமெல்லாம் உன்னோடதுடி. என் அரிசியத் தின்னுட்டு உன் வீட்டுல போய் முட்ட போடுது."

ரெஸ்தி சிரித்தாள். நல்ல பெண். மரவள்ளிக்கிழங்கை மிளகாய்ச் சாந்தில் தொட்டுத் தின்று கண்ணில் நீர் வழிய இன்னொன்று கேட்டாள். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குத் தேன்மரம் இருக்குன்னாங்க. இப்ப எத்தனை கூடுக்கா?" என்றாள்.

"கூடா? ஒண்ணும் இல்லம்மா. வெறும் மரம்."

"ஒண்ணு கூடவா இல்ல?"

"எங்க வருது இப்பல்லாம். கட்டையா நிக்குது."

மிஸ்னா வாயை மூடிக்கொண்டாள். மிஸ்னா வாயை மூடுவது வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைதான் நடக்கும். யாராவது இறந்த வீட்டில், அப்புறம் தேன்மரப் பேச்சு வரும்போது.

ஏனென்றால் அதுதான் வழக்கம். தேனீக்களை அவர்கள் விருந்தாளி என்றுதான் சொல்வார்கள். விருந்தாளி வந்திருக்கிறது என்று மரத்துக்காரி வாயால் சொன்னால், எண்ணிக்கை சொன்னால், அது கிளம்பிவிடும். தேன் இறங்கும்வரை யார் கேட்டாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும். எவ்வளவு அழுத்திக் கேட்கிறார்களோ அவ்வளவு அழுத்தி இல்லை என்க வேண்டும். அதற்காக வெளியாள் ஏமாந்து போய்விட மாட்டான். வழக்கத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. வந்தவனை வழியனுப்பப் போகிற தாய்மாமன், முற்றத்து எல்லையில் நிற்கும் பாக்குமரத்தைத் தாண்டியதும், பேசாமல் கையைத் தூக்கி விரலை விரித்துக் காட்டுவான். ஒரு விரலுக்குப் பத்துக் கூடு. தேன் வியாபாரிகள் தலைமுறையாக அந்தக் கையைப் பார்த்துத்தான் குடம் கொண்டுவந்தார்கள். வாசலில் இல்லை என்பது மரத்துக்காரியின் வேலை. எல்லையில் விரலைக் காட்டுவது மாமன் வேலை.

"எழுதிக்கம்மா," என்றான் தார்விஸ், காப்பிக் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

ஜுரைடா கையெழுத்துப் போட்டாள். கீழே குலத்தலைவன் என்ற இடத்தில் தார்விஸ் போட்டான். இருவரும் கிளம்பினார்கள். ஜன்னல் வழியாக ஜுரைடா பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்குமரத்தைத் தாண்டினார்கள். தார்விஸின் ஒரு கை சைக்கிள் பிடியில் இருந்தது, மற்றது ஜேபிக்குள் இருந்தது. சைக்கிளைக் கிளப்பும்வரை அது ஜேபியிலேயே இருந்தது. ரோட்டுக்குப் போய்க் காட்டுவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கோழிக்கு அரிசி போடப் போனாள்.

மூன்று வாரம் கழித்து இருபத்தேழாம் பாத்தியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மிஸ்னா மட்டைகளைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தாள். பையைக்கூட எங்கோ போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, உன் காட்டுல எவனோ சிவப்புத் துணி கட்டிக்கிட்டிருக்கான். டுரியானுக்கெல்லாம் தாவணி போட்ட மாதிரி இருக்கு."

"தமாஷா?"

"என் மூஞ்சியப் பாரு. தமாஷ் பண்ற மூஞ்சியா இது?"

ஜுரைடா அப்படியே போனாள். கங்காணி பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை. காட்டுக்குள் கம்பெனிச் சட்டை போட்ட ஆள் ஒருவன் கையில் சிவப்பு நாடாச் சுருளோடு மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்தான்.

"இது யார் எடம்னு தெரியுமா தம்பி?"

"தெரியும்மா. அடுத்த வாரம் மெஷின் வருது. அதுக்குள்ள வெட்டிக்கிற மரம் ஏதாவது இருந்தா வெட்டிக்கச் சொல்லுங்க."

"தேன்மரத்துக் காட்ட யாரும் தொட முடியாது."

"கூடு இருந்தாத்தாம்மா. கூடு இல்லன்னு தாள்ல இருக்கு. மரத்துக்காரியே கையெழுத்துப் போட்டிருக்காங்களாம்."

"அந்த மரத்துக்காரி நான்தான்."

அவன் சிரித்துவிட்டான். "அப்ப உங்ககிட்டயே போய்க் கேளுங்க."

அவர்கள் தலைக்கு மேலே நாற்பது ஆள் உயரத்தில் ஐம்பத்திரண்டு கூடுகளும் இரைந்துகொண்டிருந்தன. காது உள்ளவனுக்குக் கேட்கும். ஆனால் தூரத்தில் கம்பெனி லாரி ஓடிக்கொண்டிருந்தது. அவன் கைபேசியில் நம்பர் அழுத்திக்கொண்டிருந்தான். அண்ணாந்து பாருடா என்று சொல்ல ஜுரைடாவுக்கு வாய் வரவில்லை. இன்னும் பத்து நாளில் அமாவாசை, தேன் இறக்கும் இரவு. மரமேறி சஹ்லான் பிரம்பேணி கட்டி முடித்துவிட்டான். இத்தனை நாள் காத்த வாயை இப்போது திறந்தால் தேனும் போகும், விருந்தாளியும் போகும். மரத்தடியில் நின்று இடுப்பில் கை கொடுத்து மேலே பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

தார்விஸ் அக்கரையில் பெண்டாட்டி வீட்டில் இருந்தான். படகைக் கவிழ்த்துப் போட்டு விரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். சொன்னதையெல்லாம் குனிந்தபடியே கேட்டான்.

"அண்ணே, அந்தப் பொண்ணுகிட்ட நீ விரல் காட்டலியா?"

"காட்டியிருப்பேன். அது கவனிச்சிருக்காது. டவுன்ல பொறந்ததுக்கு விரலு என்ன, கையி என்ன?"

"காட்டினியா, காட்டலியா?"

"ஏண்டி போலீஸ் மாதிரி கேக்கற? வெள்ளிக்கிழம தொழுகை முடிஞ்சு மண்டபத்துல கூட்டம் இருக்கு. வட்டார அதிகாரி வர்றார். நான் பேசறேன். நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல என்று அவன் சொன்னபோது அவளுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. அப்பா செத்தபோதும் அதைத்தான் சொன்னான், புருஷன் செத்தபோதும் அதைத்தான் சொன்னான். இரண்டு தடவையும் இருந்தான். கிளம்பும்போது அண்ணி ஒரு கருவாட்டுக் கட்டைக் கையில் திணித்தாள். படகில் வரும்போதுதான் ஜுரைடா கவனித்தாள், அண்ணன் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் தட்டியில் வரிசை வரிசையாகச் செம்பனைக் கன்றுகள். கறுப்புப் பையில், இடுப்பு உயரம். நடத் தயார். அண்ணனுக்கு ஏது நிலம் என்று ஒரு கணம் தோன்றியது. அண்ணியின் நிலத்தில் நடுவார்கள் போலிருக்கிறது என்று அதையும் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் மேசை. அதிகாரி, கம்பெனி ஆள், ஓரத்தில் ரெஸ்தி. ஆண்கள் தொழுத தொப்பியோடு நாற்காலியில், பெண்கள் சுவர் ஓரம் பாயில். தார்விஸ் முதல் வரிசையில் நல்ல பத்திக் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு நாற்காலி தள்ளி சஹ்லான். அந்த மரத்தில் பதினாறு வருஷமாக ஏறுகிறவன் அவன்தான். நெஞ்சிலும் தொடையிலும் பட்டை உரசிய காய்ப்பு.

ஜுரைடா எழுந்து சொன்னாள். "நான் இல்லன்னுதான் சொன்னேன் ஐயா. எங்க வழக்கத்துல இருந்தாலும் இல்லன்னுதான் சொல்லணும். தேன் எறங்கினப்புறம்தான் உண்டுன்னு சொல்லலாம். இது இங்க உள்ள எல்லாருக்கும் தெரியும்."

அதிகாரி கெட்டவரில்லை. பசி நேரம், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தார்விஸைப் பார்த்தார்.

"தலைவரே, உங்க தங்கச்சி சொல்றாங்க, கூடு இருந்தாலும் இல்லன்னு சொல்றது வழக்கமாம். வழக்கத்துக்குச் சாட்சி நீங்கதான். அப்படி ஒண்ணு உண்டா?"

தார்விஸ் எழுந்தான். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். ஜுரைடா அவன் முதுகைத்தான் பார்த்தாள். அந்தச் சட்டைக்கு அவள்தான் போன பெருநாளுக்குப் பித்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

"அப்படி வழக்கம்னு எதுவும் இல்லீங்க," என்றான். "அந்தக் காலத்துல கெழவிங்க ஏதாவது சொல்லிக்கிட்டிருப்பாங்க. இப்ப யாரும் அத வச்சுக்கறதில்ல. இல்லன்னா இல்லதான்."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். அண்ணன் உட்கார்ந்துவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

"சஹ்லான்," என்றாள். "நீ ஏறுற மரம். நீ சொல்லு."

சஹ்லான் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே எழுந்தான். "இந்த வருஷம் இன்னும் ஏறலயேக்கா. ஏறாம எப்படிச் சொல்றது?"

"கீழ நின்னு எண்ணலாமேடா! போன வாரம் எண்ணிட்டுத்தானே ஏணிக்குப் பிரம்பு அளந்தே!"

அவன் உட்கார்ந்தான். பாயில் மிஸ்னா, "தூ," என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. ஆனால் அதற்கு மேல் அவளும் எழுந்திருக்கவில்லை. அவள் புருஷன் பெயர் கம்பெனியின் புது நடவு வேலைப் பட்டியலில் இருந்தது. அது பின்னால்தான் ஜுரைடாவுக்குத் தெரிந்தது.

ஜுரைடா மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா சாகும்போதுகூட மரத்தில் எத்தனை என்று கேட்டாள். அப்போதும் இல்லை என்றுதான் ஜுரைடா சொன்னாள். அந்த இல்லையைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாள்.

"விருந்தாளி இருக்கு," என்றாள் ஜுரைடா. "ஐம்பத்திரண்டு கூடு."

மண்டபம் முழுக்க மூச்சை உள்ளே இழுத்தது. பின் வரிசையில் ஒரு கிழவர், "அஸ்தஃபிருல்லா," என்று காதைப் பொத்திக்கொண்டார். சஹ்லான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா ஐயா," என்றாள் ஜுரைடா. "வழக்கமே இல்லன்னா எதுக்கு இத்தன பேருக்கு மூச்சு நின்னு போச்சு? கேளுங்க அவங்கள!"

அதிகாரி கேட்கவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. மேசையில் இருந்த தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். கம்பெனி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அம்மா, தாள்ல இருக்கறத நான் நெனச்ச மாதிரி மாத்த முடியாது. திருத்தணும்னா நீங்களும் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். அவர் போட்டா இப்பவே திருத்திடறேன். தலைவரே?"

"நான் கண்ணால பாத்ததுக்குத்தான் போட முடியும்," என்றான் தார்விஸ்.

"வா, இப்பவே பாக்கலாம். கூப்பிடு தூரம்தானே!"

"இன்னிக்கு எனக்கு முட்டி வலி."

யாரோ சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது.

வெளியே சைக்கிள்களுக்கு நடுவில் அவனைப் பிடித்தாள். சட்டையைப் பற்றவில்லை, எதிரில் நின்றாள், அவ்வளவுதான்.

"அந்தக் கன்னெல்லாம் எங்க நடப்போற?"

அவன் சைக்கிளின் சாவியைத் தேடினான்.

"எங்க நடப்போறேன்னு கேட்டேன்."

"ஆத்தோரம். கம்பெனிக்காரங்க ஒரு துண்டு தர்றாங்க. என் பேருல." குரலைத் தணித்தான். "ஜுரை, நீ யோசிச்சுப் பாரு. எனக்கு மூணு ஆம்பளப் பசங்க. முப்பது வருஷமா உங்க மரத்துக்கும் காட்டுக்கும் காவல் நின்னேன். என் புள்ளைங்களுக்கு நான் எத விட்டுட்டுப் போறது? பெண்டாட்டி வீட்டுலயும் நான் விருந்தாளி, தங்கச்சி வீட்டுலயும் நான் விருந்தாளி. செத்தா பொதைக்க மட்டும் எடம் உண்டு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. காட்டுல ஒரு ஓரம்."

"குடுத்திருப்பே. குடுக்க உன்னால முடியாது. வழக்கம் விடாது."

"இப்பதானே வழக்கமே இல்லன்னே."

தார்விஸ் சைக்கிளை உதைத்தான். இரண்டு உதைக்குக் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது.

ரெஸ்தி மட்டும் பின்னாலேயே காட்டுக்கு வந்தாள். மரத்தடியில் நின்று கழுத்தை வளைத்துப் பார்த்தவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். கிளைக்குக் கீழே கறுத்த முறங்களைத் தொங்கவிட்டது போலக் கூடுகள். நிறைய நிறைய.

"இருக்கேக்கா! இவ்வளவு இருக்கே! அன்னிக்கு ஏன்க்கா இல்லன்னு சொன்னீங்க?"

"நீ கேட்டே," என்றாள் ஜுரைடா.

ரெஸ்தி படம் எடுத்தாள். மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றாள். அனுப்பியும் இருப்பாள். பொய் சொல்கிற பெண்ணில்லை. பதில் வருவதற்குள் மெஷின் வந்துவிட்டது.

மரத்தைக் கம்பெனி வெட்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவ்வளவு பெரிய மரத்தை வெட்டுவது வீண் வேலை என்று விட்டுவிட்டார்கள், அல்லது அதிகாரி ஏதோ சொல்லியிருந்தார். சுற்றியுள்ளதைத்தான் தள்ளினார்கள். முதல் நாள் பிரம்பும் ரப்பரும். இரண்டாம் நாள் டுரியான். காய் பிடித்திருந்தது, பிஞ்சுகள் சேற்றில் மிதிபட்டன. ஜுரைடா அந்த இரண்டு நாளும் பக்கத்துப் பாத்தியில் பழம் பொறுக்கினாள். வேலைக்கு வராமல் இருக்க முடியாது. குனிந்தே இருந்தாள். ஒவ்வொரு மரம் சாயும்போதும் எந்த மரம் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மெஷின்காரன் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். மரத்திலிருந்து கறுப்பாக ஒரு துணி கழன்று ஆற்றுக்கு மேலே போனது. இன்னொன்று. வேலைசெய்த அத்தனை பேரும் தரையில் கவிழ்ந்து தலையில் கோணியைப் போர்த்திக்கொண்டார்கள். ஜுரைடா நின்றுகொண்டிருந்தாள். ஒன்றுகூட அவளைக் கொட்டவில்லை. மதியத்துக்குள் மரம் வெறும் மரமாகிவிட்டது. மெழுகுக் கூடுகள் மட்டும் காய்ந்த தோல் மாதிரி தொங்கின. பிறகு அவையும் ஒவ்வொன்றாக விழுந்தன.

அவள் வாய்விட்டு எண் சொன்னதால்தான் போயின என்று ஊரில் பேசிக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பேசிக்கொண்டார்கள். மெஷின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சஹ்லான் ஒருநாள் சாயங்காலம் வந்தான். தோளில் சுருட்டிய பிரம்பேணி. படியில் இறக்கி வைத்தான். "இது உன் மரத்துக்குக் கட்டினது. எனக்கு வேற வேல இல்ல இத வச்சு," என்றான். மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தான். மிஸ்னா தன் வீட்டு ஜன்னலிலிருந்தே, "அடுப்பெரிக்க ஆகும், வச்சுட்டுப் போடா," என்றாள். ஜுரைடா அந்தப் பிரம்பைப் பிரித்துக் கோழிக்கூட்டுக்கு வேலி கட்டினாள். நல்ல பிரம்பு.

நோன்புப் பெருநாள் கழிந்த மாதம் எல்விதாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் பேச வருவதாக இருந்தது. பையன் கீழ்த்துறைக்காரன், கம்பெனியில் லாரி ஓட்டுகிறான். பேச்சுக்கு உட்காரும்போது பெண்ணின் தாய்மாமன் வெற்றிலைப் பெட்டியோடு நடுவில் உட்கார வேண்டும். வேறு யாரும் உட்காரும் இடமில்லை அது.

முந்தின நாள் பிற்பகல் தார்விஸ் வந்தான். புதுச் சட்டை. கையில் அம்மா காலத்துப் பித்தளை வெற்றிலைப் பெட்டி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. ஜுரைடா கதவுக்கு நேரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்தில் அடித்தது. அவன் நின்ற இடத்திலிருந்து பத்தடி.

"ஜுரை, வந்திருக்கேன்."

அவள் முறத்தைக் குலுக்கினாள். ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள்.

"ஜுரை, வீட்டுல யார் இருக்கா?"

"யாரும் இல்ல," என்றாள் ஜுரைடா.

"என்னது?"

"யாரும் இல்ல. வெறும் வீடு."

தார்விஸ் சிரிக்கப் பார்த்தான். "எதிர்லதானே உக்காந்திருக்கே. விளையாடற நேரமா? எல்விதா எங்க? நாளைக்கு யார் என்ன பேசறதுன்னு சொல்லிக்க வேணாமா?"

"எல்விதாவா? அப்படி யாரும் இல்ல. எங்க வருது இப்பல்லாம். கட்டையா நிக்குது வீடு."

அவன் முகம் இப்போது மாறியது. எல்விதா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிழல் சுவரில் நகர்வது அவனுக்கும் தெரிந்தது.

"ஜுரை, நாளைக்கு அவங்க வந்து, மாமன் எங்கன்னு கேட்டா?"

"மாமன் இல்லன்னு சொல்லிக்கறோம். இல்லன்னா இல்லதான்."

பெட்டியைப் படியில் வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்ப எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். முற்றத்தைத் தாண்டி நடந்தான். ஜுரைடா ஜன்னலுக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது.

பாக்குமரத்தைத் தாண்டியதும் நின்றான். திரும்பிப் பார்த்தான். வந்தவனுக்கு அந்த இடத்தில் ஒரு கை உயர வேண்டும், விரல் விரிய வேண்டும். அதைச் செய்ய வேண்டிய தாய்மாமன் அவன்தான். வேறு யாரும் அங்கே இல்லை. முறத்தில் அரிசி விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு துறையைப் பார்த்து நடந்தான்.